காலையில் புல், பின்னேரம் கோட்டை

றிஸ்வி ஒரேயடியாக ஊரோடு வந்து சேர்ந்த பிறகுதான் பரீனாவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தன் புருஷனுக்கு என்னதான் விருப்பம் என்று அவளுக்குத் தெரியாது.

சாப்பாட்டு விருப்பம் தெரியும். இறாலும் முருங்கைக்காயும் சேர்த்து ஆக்கினால் இன்னொரு அகப்பை சோறு கேட்பார். அது லீவு நாட்களில் படித்த பாடம். ஆனால் டுபாயிலிருந்து அவர் லீவில் வந்துபோன காலமெல்லாம் பெருநாள் மாதிரியே கழிந்துவிட்டது. விருந்து, கலியாணவீடு, மையத்துவீடு, சொந்தக்காரர் வாசல், பிறகு எயார்போட்டுக்குப் போகும் வான். அந்த ஓட்டத்துக்குள்ளே ஒரு மனிதன் சும்மா இருக்கும்போது எப்படி இருப்பான் என்று பார்ப்பதற்கு யாருக்கு நேரம் இருந்தது?

இப்போது அவர் சும்மா இருந்தார். காத்தான்குடியில் அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில், கதிரையின் நுனியில், பெண் பார்க்க வந்தவரைப்போல அமர்ந்திருந்தார். தேத்தண்ணி ஊற்றவும் "இந்தக் கப்ப எடுக்கலாமா?" என்று கேட்டார். சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி முற்றத்தில் இறங்கி, குனிந்து, அவள் கூட்டிவைத்த மணலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள்.

பரீனா பெண்கள் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பித்தாள். ஆகஸ்ட் விடுமுறை கிட்டிக்கொண்டிருந்தது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழக விடுதியிலிருந்து மகள் அஸ்மியா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் முழுக்க உம்மாவையும் வாப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் ஒரு பயணம் போய்ட்டு வாங்களன். ஒரு நாளும் தனியப் போனதில்லயே. வாப்பா, உங்களுக்கு எங்க போக விருப்பம்?"

றிஸ்வி கப்பை வைத்தார். பிறகு, வெட்கப்பட்ட குரலில், "எனக்கி ஒருக்கா கோல்ஃப் விளையாடணும்" என்றார்.

அஸ்மியா சிரித்துவிட்டாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

டுபாயில் அவர் பார்த்த வேலை கோல்ஃப் மைதானத்தில்தான். புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுவது. பாலைவனத்துக்கு நடுவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் அந்த நிலத்தை, விளையாட வருபவர்கள் கண்விழிக்கும் முன்பே வெட்டிச் சீராக்கிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். இது பரீனாவுக்குத் தெரியும். அங்கே அவர் ஒருநாளும் பந்தைத் தட்டியதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

"உங்களுக்கு விளையாட விடமாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"விடுவாங்க. வருஷத்துல ஒரு நாள் வேலையாக்களுக்கெண்டே வெப்பாங்க. நான்தான் போகல்ல. அடிக்கிற அடியில புல்லு பேந்து குழி விழும். அந்தக் குழிய விடிய நான்தானே மூடணும்?"

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பரீனாவுக்கும் சிரிப்பு வந்தது. ஊருக்கு வந்தபிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல்முறை என்று அவளுக்குப் பட்டது.

"உம்மா, உங்களுக்கு?" என்றாள் அஸ்மியா.

"கோட்டை பாக்கணும்" என்றாள் பரீனா. அது அவ்வளவு வேகமாக வாயில் வந்தது அவளுக்கே புதினமாக இருந்தது.

"கோட்டைதான் மட்டக்களப்புலயே இரிக்கே. வருஷா வருஷம் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறீங்க."

"அங்க நான் எங்க கோட்டையப் பாத்தன்? தண்ணிக்குள்ள ஆராவது விழுந்திருவாங்களோ எண்டு பிள்ளைகளத்தானே பாத்துக்கிட்டு நிக்கிற. அதோட, அது பீரங்கி வெச்ச கோட்டை. ஆக்கள் படுத்து எழும்பின கோட்டை பாக்கணும் மகள். ராணி தலை சீவின அறை, குசினி, புகை படிஞ்ச சுவர். அப்பிடி."

அஸ்மியா ஃபோனில் எதையோ தட்டினாள். கோல்ஃபும் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நாடு உலகத்தில் எது என்று தேடியிருப்பாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல்நிறக் கடல். கடலோரம் அலையலையாய்ப் பச்சை மேடுகள். அதற்கு அங்கால், குன்றின் விளிம்பில், பாதி இடிந்த ஒரு கோட்டை.

"ஸ்கொட்லாந்து" என்றாள் மகள். "ரெண்டு பேருக்கும் ஒரே இடம். போய்ட்டு வாங்க."

அவள் ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஸ்கொட்லாந்து வீட்டிலேயே தங்கிவிட்டது.

அசர் தொழுதபிறகு இரண்டு பேரும் வாவிக்கரைக்கு நடந்தார்கள். ஊரில் வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை. அது ஆறுதான். ஆற்றங்கரையில் சீமெந்து வாங்குகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் அமர்ந்து, நடுவில் ஃபோனை வைத்துக்கொண்டு, றிஸ்வி படத்தைப் பெரிதாக்கினார்.

"இதுதான் சென் அன்ட்ரூஸ். கோல்ஃபுக்கு இதுதான் தாய்வீடு எண்டு சொல்லுவாங்க. எங்கட மைதானத்துக்கு ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவன் வாறவன். ஞாயித்துக்கிழமையில அங்க விளையாட்டு இல்லையாம். ஊராக்கள் அந்தப் புல்லுல சும்மா நடந்து திரிவாங்களாம். நாயையும் கூட்டிட்டு."

"அப்ப ஞாயித்துக்கிழம நானும் நடக்கலாம்."

"நடக்கலாம்."

"செருப்போடயா, வெறுங்காலோடயா?"

அவர் அந்தக் கேள்வியை மிகவும் பாரமாக எடுத்து யோசித்தார். "அங்க குளிர். ஆனா, வெறுங்கால் நல்லம்."

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த நாளும் போனார்கள், அதற்கடுத்த நாளும். பயணத்துக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள்: காலையில் புல், பின்னேரம் கோட்டை. அவர் ஒரே நாளில் இரண்டு மைதானத்தைச் சொருகப் பார்த்தால் அவள் விடமாட்டாள். ஒரு கோட்டையிலேயே இரண்டு நாள் கிடக்க அவள் ஆசைப்பட்டால் அவர் தொண்டையைச் செருமுவார். மழை வந்தால் என்ன செய்வது என்பதில் ஒரு முழுப் பின்னேரமும் பிணக்கு. மழை பெய்தால் கோட்டைக்குள் போய்விடலாம் என்பது அவள் கட்சி. மழை பெய்து ஓய்ந்த புல்லைப்போல ஒரு புல் உலகத்திலேயே இல்லை, அதை விட்டுவிட்டு எப்படிக் கல்லுக்குள் போவது என்பது அவர் கட்சி.

அந்த ஊரில் கோடையில் வெயில் இலேசில் மறையாது, மஃரிபுத் தொழுகை நேரம் இரவு பத்து மணிக்குப் போகும் என்று ஃபோன் காட்டியபோது இருவரும் திகைத்துப் போனார்கள்.

"அப்ப சாப்பிட்டுப் படுக்கிற எப்ப?" என்றாள்.

"படுக்காமலே இருப்பம்."

எதிர்க்கரையில் படுவான்கரை கறுத்த கோடாகக் கிடந்தது. சூரியன் அந்தப் பக்கம் இறங்கும்போது தண்ணீர் முழுக்கத் தேன்நிறமாகும். கண்டல் புதர்களுக்கிடையில் யாரோ ஒருவர் தோணியை நிறுத்திவைத்து வலை இழுத்துக்கொண்டிருப்பார். பரீனா கண்ணைச் சற்றுச் சுருக்கினால் போதும், அந்தக் கறுத்த கோட்டில் கோபுரங்கள் எழும். ஒரு பக்கம் ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் கோட்டை. இன்னொரு பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் டனொட்டர். சன்னல்களில் விளக்கு. சன்னலுக்குக் கீழே, தண்ணீர் வரைக்கும், றிஸ்வி இன்றைக்குத்தான் வெட்டியதுபோல் பச்சைப் புல். இதை அவரிடம் சொன்னாள். அவர் எதிர்க்கரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தத் தென்னைக்குப் பக்கத்துல ஒரு குழி வெட்டிக் கொடி நடலாம்" என்றார்.

தன் புருஷன் இப்படியெல்லாம் கதைப்பவர் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதும் பின்னேரத்தை நினைத்தாள். ஸ்கொட்லாந்து ராணி ஒருத்தி கோட்டைச் சிறையிலிருந்து தோணியில் தப்பிய கதையை அவருக்குச் சொல்வதற்காக வாசித்தாள். கோல்ஃப் பந்து விழும் குழியை எப்படி வெட்டுவார்கள், அதைத் தினமும் இடம் மாற்றி வைப்பது எதற்கு என்று அவர் சொன்னபோது, முன்பு போலத் தலையாட்டாமல் உண்மையாகவே கேட்டாள். ஒரே இடத்தை எல்லாரும் மிதித்தால் புல் செத்துப்போகும் என்றார் அவர்.

ஆனால் காத்தான்குடியில் ஒரு தம்பதி தினமும் ஆற்றங்கரையில் இருந்து ஃபோனைப் பார்த்துக் கதைத்தால் அது நாலு வாசலுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா ஒரு பையோடு வந்தார். உள்ளே தடித்த நீலநிறக் கம்பளிச் சட்டை.

"என்ட மகன் லண்டன்ல இருந்து போட்டுக்கிட்டு வந்த. அங்கத்தக் குளிர் எலும்புக்குள்ள பூருமாம். றிஸ்விக்குச் சரியா இரிக்கும். நீ ஒண்டும் யோசிக்காத மகள், போய்ட்டு வந்து தா."

"எங்க போய்ட்டு?"

"வெளிநாடு போறீங்களாமே. நல்ல விஷயந்தானே. இவ்வளவு காலமும் அவர் மட்டுந்தானே போனாரு."

இல்லை என்றால் ஏன் இல்லை என்று விளக்க வேண்டும். பரீனா சட்டையை வாங்கி வைத்தாள். பாடசாலையில் இரண்டு டீச்சர்மார் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருத்தி அங்கே தேத்தூள் நல்லமாம், கொண்டுவா என்றாள். பரீனா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். இதை றிஸ்வியிடம் சொன்னால் விழுந்துவிழுந்து சிரிப்பார் என்று நினைத்தாள்.

அன்று பின்னேரம் அவர் மட்டக்களப்பு டவுனுக்குப் போய்த் திரும்பியிருந்தார். ஆற்றங்கரைக்குப் புறப்படும்போது படலையடியில் நின்று, "நாளைக்கி நேரத்தோட ஸ்டூடியோவுக்குப் போவம்" என்றார். "பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கணும். உனக்குத்தான். எனக்கி இரிக்கி."

"எனக்கி என்னத்துக்குப் பாஸ்போட்?"

"ஸ்கொட்லாந்துக்கு."

பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள். கம்பளிச் சட்டைக் கதையையும் சொல்லத் தொடங்கினாள். பாதியில்தான் கண்டாள், அவர் சிரிக்கவில்லை.

"டவுன்ல ஆக்கள்ட விசாரிச்சிட்டு வாறன்" என்றார். "விசா கஷ்டந்தான். ஆனா நடக்காத காரியமில்லையாம். அடுத்த ஆகஸ்ட்டுக்குப் பாக்கலாமாம்."

"நீங்க உண்மையாவா சொல்றீங்க? நான் விளையாட்டுக்குத்தானே கதச்சன்."

"விளையாட்டுக்கா?"

"எங்களால எப்பிடிப் போக ஏலும்? நான் கொழும்பத் தாண்டினதே இல்ல."

றிஸ்வி ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார். கோபமும் தெரியவில்லை. வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியேறும் ஆளைப்போல முகத்தை வைத்துக்கொண்டு, தனியே ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்.

அதன்பிறகு வீட்டில் மறுபடியும் மரியாதை குடிவந்தது. கப்பை எடுக்கலாமா என்று கேட்டார். எடுங்க என்றாள். பின்னேரங்களில் அவர் தனியே போனார். அவள் தவணைப் பரீட்சைத் தாள்களை முன்னால் விரித்துவைத்து ஒல்லாந்தர் மட்டக்களப்பைப் பிடித்த கதையை ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்திலும் வாசித்தாள். மனம் தாளில் நிற்கவில்லை. தான் ஏன் பொய் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குக் கதைத்தோம் என்றது பொய். ஸ்டேர்லிங் கோட்டையின் படிக்கட்டில் அவள் எத்தனையோ தடவை ஏறியிருந்தாள். எந்தப் படியில் மூச்சு வாங்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஆனால் பாஸ்போட் என்ற சொல் வந்ததும் அந்தப் படிக்கட்டிலிருந்து இறங்கிவிட்டாள். அதுதான் உண்மை.

பாடசாலை மூடிய அன்று அவள் தாள்களைக் கட்டிவைத்துவிட்டு, துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். அவர் அதே வாங்கில், ஒரு ஓரத்தில் அமர்ந்திருந்தார். மற்ற ஓரம் வெறுமையாகக் கிடந்தது. அவள் அமர்ந்தாள்.

"எனக்கிப் பயம்" என்றாள்.

"பிளேனுக்கா?"

"பிளேனுக்கில்ல. இந்த ஊருல எனக்கி எல்லாம் தெரியும். எந்தக் கடையில என்ன கிடைக்கும், எந்த ஒபிசுல ஆரப் பாக்கணும், மகளுக்குக் காய்ச்சல் எண்டா எங்க ஓடணும், எல்லாம். நீங்க இல்லாம நானே படிச்ச. அங்க போனா எனக்கி ஒண்டும் தெரியா. எல்லாத்துக்கும் உங்கட பின்னால நிக்கணும். எனக்கி அது பழக்கமில்ல."

றிஸ்வி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மீன்கொத்தி கம்பத்திலிருந்து விழுந்து, வெறும் வாயோடு திரும்பி வந்து அதே கம்பத்தில் குந்தியது.

"எனக்கி மட்டும் என்ன தெரியும் புள்ள?" என்றார். "டுபாய்ல எனக்கித் தெரிஞ்ச இடம் ரெண்டு. ரூமும் மைதானமும். நடுவுல கம்பனி பஸ். நான் புல்லத் தவிர ஒண்டும் பாக்கல்ல. இஞ்ச வந்தா எல்லாம் உனக்குத்தான் தெரியும், இஞ்சயும் எனக்கி ஒண்டும் தெரியா. ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாத இடத்துக்குப் போனா சரிசமமா இரிக்கும் எண்டுதான் நினச்சன்."

அவர் இவ்வளவு நாளும் அந்தக் கதிரை நுனியில் எதை நினைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார் என்பது இப்போது பரீனாவுக்கு விளங்கியது.

"அப்பிடியெண்டா, முதல்ல சின்னதா ஒண்டு போவம்" என்றாள் கடைசியில். "திருகோணமலைக்கி. சீனக்குடாவுல கடலோரமா கோல்ஃப் மைதானம் இரிக்கி. நான் பாத்து வெச்சிரிக்கன். வெளியாக்களும் விளையாடலாம். டவுனுல பெரிய கோட்டை. நீங்களும் அங்க போனதில்ல, நானும் போனதில்ல."

"எப்ப பாத்து வெச்ச?"

"நீங்க என்னோட கதைக்காம இருந்த நாளையில."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வெயில் இரண்டு பேரின் கண்ணிலும் நேரே அடித்துக்கொண்டிருந்தது.

விடியுமுன், நாலு மணிக்கே கிளம்பினார்கள். வாழைச்சேனை தாண்டி, வாகரைப் பக்கம் போகப்போகச் சனம் குறைந்தது. ஒரு பக்கம் கடல் தெரிந்தும் மறைந்தும் கூடவே வந்தது. களப்புகளுக்கு மேலே பாலம் பாலமாகப் பஸ் ஏறி இறங்கியது. பாலத்தின் கீழே இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நின்றார்கள், நின்றுகொண்டே தூங்குவது போல. றிஸ்வி சன்னலோரம். ரோட்டோரப் புல்லைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். பரீனாவுக்கு எங்கே இறங்குவதென்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கொண்டக்டரிடம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

சீனக்குடாவில் கடல் நிலத்துக்குள் புகுந்து குளம்போல் அசையாமல் கிடந்தது. அதன் ஓரத்தில், மேடும் பள்ளமுமாக, மைதானம். காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. புல்லில் பனி மினுங்கியது. பெரிய மரங்களின் நிழல் நீளநீளமாக விழுந்திருந்தது. தூரத்தில் ஒரேயொரு சிவப்புக் கொடி. வேறு ஒரு மனிதரும் இல்லை. பரீனாவுக்கு அந்த அமைதியில் நின்றபோது, தான் எழும்பிவிட்டோமா அல்லது இன்னும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கிறோமா என்று சரியாகத் தெரியவில்லை.

அவர்களோடு மட்டை தூக்கிக்கொண்டு நடக்க மைதானத்திலிருந்து உதயரூபன் என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மட்டைகள் வைத்த பையைத் தோளில் போட்டிருந்தார்.

"நானா, நீங்க முந்தி விளையாடியிருக்கிறீங்களோ?" என்று றிஸ்வியிடம் கேட்டார்.

"இல்ல. பாத்திரிக்கன்" என்றார் றிஸ்வி. "நிறையப் பாத்திரிக்கன்."

குனிந்து, உள்ளங்கையால் புல்லைத் தடவினார். முற்றத்து மணலைத் தடவுவாரே, அதே கை. அவர் ஈரம் பார்க்கிறார் என்பது பரீனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு விடியலிலும் அவர் கை புல்லைத் தேடியிருக்கிறது.

பந்தை வைத்துக் காலை அகட்டி நின்றபோது வெகு அழகாக இருந்தார். இவ்வளவு காலமும் தூரத்திலிருந்து பார்த்த எல்லாருடைய நிலையும் அவர் உடம்பில் இருந்தது. மட்டை மேலே போனது, கீழே வந்தது. பந்து இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது அடியில் ஒரு பெரிய புல்லுக்கட்டி பேர்ந்து, மண்ணோடு எழும்பி, பந்தைவிடத் தூரமாகப் போய் விழுந்தது.

றிஸ்வி மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். பந்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புல்லுக்கட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, குழியில் வைத்து, ஓரங்களை விரலால் பொருத்தி, குதிகாலால் மெதுவாக அமத்தினார். மண்டியிட்டுப் பக்கவாட்டில் கண்ணை வைத்து மட்டம் பார்த்தார்.

பரீனா சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்து முடியாமல் மரத்தடியில் அமர்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உதயரூபன் நாகரிகமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். றிஸ்வி மண் ஒட்டிய முழங்காலோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அடித்த அடியொன்று எப்படியோ சரியாக விழுந்தது. மட்டையில் பட்டதும் ஒரு சின்னச் சத்தம், மண்பானையில் விரலால் சுண்டினாற்போல். பந்து எழும்பியது. நீல வானத்தில் வெள்ளையாய்ப் போய்க்கொண்டே இருந்தது, விழும் எண்ணமே இல்லாததுபோல. மூன்று பேரும் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்கள். எங்கே இறங்கியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தண்ணீரில் சத்தமும் கேட்கவில்லை.

"நல்ல அடி" என்றார் உதயரூபன்.

"ஓம்" என்றார் றிஸ்வி. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழிக்குக் கிட்டப் போனதும் கொடியை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. அவள் பிடித்தாள். கடற்காற்று அவளுடைய கறுப்பு அபாயாவையும் தலைக்கு மேலே சிவப்புக் கொடியையும் ஒரே பக்கமாக அடித்தது. கீழே, அவ்வளவு மென்மையான புல்லை அவள் பார்த்ததே இல்லை. செருப்பைக் கழற்றினாள். உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறியது. றிஸ்வி குனிந்து, மூச்சை அடக்கி, பந்தைத் தட்டினார். பந்து அவளை நோக்கி மெதுவாக உருண்டு வந்தது. குழியின் விளிம்பில் நின்று யோசித்தது. உள்ளே விழவில்லை.

"தள்ளி விடட்டா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேணாம்" என்றார். "அது அங்கயே இரிக்கட்டும். வடிவா இரிக்கி."

பின்னேரம் கோட்டைக்குப் போனார்கள். பழைய கல்வாசலைக் கடந்ததும் மான்கள். ரோட்டோரத்திலும் மரநிழலிலும் புள்ளிமான்கள், ஊராட்களைப்போல் நின்று வருகிறவர்களைப் பார்த்தன. பரீனா படிப்பித்த பாடத்தில் போர்த்துக்கேயர் இருந்தார்கள், ஒல்லாந்தர் இருந்தார்கள், பீரங்கி இருந்தது. மான் இருக்கவில்லை. அவற்றிலொன்று கிட்ட வந்து அவள் கையை முகர்ந்துவிட்டுப் போனது. மேலே கோயிலுக்குப் போகும் சனம் பூத்தட்டுகளோடு ஏறிக்கொண்டிருந்தது. மணிச்சத்தம் காற்றோடு வந்துவந்து போனது.

ஒரு பெரிய மரத்தின் வேரில் அமர்ந்தார்கள். கீழே எங்கேயோ கடல் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. கதை சொல்லத் தொடங்கலாம் என்று திரும்பினாள். றிஸ்வி வேரில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. முழங்காலில் இன்னும் மண்.

அவள் எழுப்பவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் யாரும் இல்லை. கவனிக்க வேண்டிய தண்ணீர்க்கரை இல்லை. கோட்டைச் சுவரை அவள் பாட்டுக்குப் பார்த்தாள். கல்லுக்கு இடையில் முளைத்த செடியை, கறுத்துப்போன மூலையை, வெயில் சுவரில் ஏறி இறங்குவதை. இங்கேயும் யாரோ படுத்து எழும்பியிருப்பார்கள். தூர தேசத்திலிருந்து வந்து, ஊர் நினைவோடு கடலைப் பார்த்திருக்கும் ஏதோ ஒரு காவல்காரன். அவனுடைய பெண்சாதி அங்கே எல்லாவற்றையும் தனியே படித்திருப்பாள். இதை அவள் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. இனிச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அவர் கண்விழித்தபோது நிழல் இடம் மாறியிருந்தது. ஒரு மான் அவர் காலடியில் படுத்திருந்தது. அசையாமல், "இது எந்த இடம்?" என்று கேட்டார்.

"கோட்டை."

"எந்தக் கோட்டை?"

அவர் உண்மையாகவே தெரியாமல் கேட்டார். ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்பதை அவர் மறந்திருந்தார். அவளுக்கு அந்தக் கணம் பிடித்திருந்தது. பதில் சொல்லாமல் கொஞ்சம் நீட்டினாள்.

"ஊருக்குப் போன உடன அந்தப் படத்த எடுப்பம்" என்றாள் பிறகு. "பாஸ்போட்டுக்கு."

"அவசரமில்ல."

"அவசரமில்லத்தான். ஆனா எடுப்பம்."

அன்றிரவு சொந்தக்காரர் வீடொன்றில் தங்கிவிட்டுக் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மட்டக்களப்பு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. பரீனா பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால்வைத்தாள். பின்னால் அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

றிஸ்வி கச்சான் கடலைச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் வேரோடினாற்போல் நின்றார்.

"ஏறல்லயா?"

"இந்தப் பஸ் போகட்டும்."

"அடுத்ததுலயா?"

"அடுத்ததும் போகட்டும்" என்றார். "நான் இவ்வளவு காலமும் ஒரு பயணத்தயும் டிக்கெட்டுல போட்ட திகதிக்குப் பிந்தி முடிச்சதில்ல பரீனா. ஒருக்காக் கூட."

அவள் காலைப் படியிலிருந்து எடுத்தாள். கொண்டக்டர் அவர்களைப் பார்த்தார், கையை விரித்தார், பஸ்ஸின் பக்கத்தைத் தட்டினார். பஸ் போய்விட்டது. அந்த இடத்தில் வெயில் விழுந்தது. இருவரும் அங்கேயே நின்று கச்சான் உடைத்துத் தின்றார்கள். எதிரே வரிசையாகப் பஸ்கள். கண்டி. அநுராதபுரம். யாழ்ப்பாணம். விடுமுறை இன்னும் மிச்சம் இருந்தது.

பரீனா ஃபோனை எடுத்து மகளை அழைத்தாள்.

"நாங்க இண்டைக்கி ஊருக்குத் திரும்பல்ல."

"என்ன உம்மா, என்ன நடந்த?" அஸ்மியாவின் குரல் பதறியது.

"ஒண்டும் நடக்கல்ல மகள். யாழ்ப்பாணம் போறம். அங்கயும் பெரிய கோட்டை ஒண்டு இரிக்கி."

"அங்க எங்க தங்கப்போறீங்க?"

பரீனா றிஸ்வியைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கி, தோளைக் குலுக்கினார்.

"தெரியா" என்றாள் பரீனா. சொல்லிவிட்டு, அந்தச் சொல் எவ்வளவு இலேசாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பையை அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் ரோட்டைக் கடந்து, எந்தப் பஸ் முதலில் போகும் என்று விசாரிக்கப் போனார்கள்.